நான் காவல் நின்ற வாசல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். சீனாவில், சோங்கிங் நகரத்துப் படகுத்துறையை விட்டு விலகி நடந்துகொண்டிருந்தேன். தப்பி நடந்தேன் என்றால் இன்னும் சரி. ஆற்றுப் படகிலிருந்து இறங்கியதுமே மூங்கில் தடியும் கயிறுமாகச் சுமைகாரர் கூட்டம் ஒன்று வந்து பையைப் பிடித்தது. பையை நெஞ்சோடு அணைத்தபடி, ஒருவர் முகத்தையும் பாராமல் படியேறினேன்.

அங்கே ஏன் போனேன் என்று இப்போதும் கேட்கிறார்கள். அப்போது லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அந்தக் குசினிச் சுவரில் ஒரு படம் இருந்தது. பனிமூட்டத்துக்குள் மலைமேல் மலையாக வீடுகள். அது சோங்கிங் என்றார் கடையின் சமையற்காரர். நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊர் தட்டுப் போலச் சமதரை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு மலை என்றால் புத்தகத்துப் படம்தான். காசு சேர்ந்ததும் கிளம்பிவிட்டேன்.

கூட இருந்த அண்ணை ஒருவர் நான் வெளிக்கிடும்போது சொன்னார்: "எட தம்பி, ஆரின்ர கையிலையும் பையைக் குடுத்திடாதை. அந்த நீலப் புத்தகம் துலைஞ்சா ஹீத்ரோவில உன்னை உள்ளுக்கு விடமாட்டாங்கள்."

"எனக்கே பாடம் எடுக்கிறியள், அண்ணை?" என்றேன்.

நீலப் புத்தகம் என்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். லண்டனுக்கு வந்த வழியில் ஒரு நாட்டில், எங்களைக் கள்ளமாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என் பாஸ்போட்டை எடுத்தான், இன்னொரு நாட்டில் வேறொருவன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான். இருவரும் முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். அதன்பிறகு சிரிக்கிற ஆட்களை நான் நம்புவதில்லை.

படிகள் முடிவதாக இல்லை. ஒரு சுமைகாரர் மட்டும் பின்னால் வந்துகொண்டே இருந்தார். நான் நின்றால் அவரும் நிற்பார். நடந்தால் நடப்பார். நல்லகாலம், அந்த மனிதர் சிரிக்கவில்லை. கடைசியில் மூச்சு முட்டி, பையைக் கொடுத்தேன். கடையின் சமையற்காரர் எழுதித் தந்த விடுதி விலாசத்தைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பையைத் தடியில் மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு வந்த என்னைவிட வேகமாக ஏறினார்.

திடீரென்று ஒரு பெரிய பழைய கட்டடத்தின் இருட்டு வாசலில் திரும்பி, வா என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் போகவில்லை. லண்டனுக்கு வந்த வழியில் இப்படி ஒரு கட்டடத்துக்குள் கூப்பிட்டுத்தான் எங்களைப் பூட்டி வைத்தார்கள். ஆனால் பை உள்ளே. புத்தகம் பைக்குள். ஓடிப்போய்க் கட்டடத்தின் பக்கவாட்டைப் பார்த்தேன். பின்புறம் முழுக்க மலைப்பாறை. ஆகவே இது ஒன்றுதான் வாசல், கள்ளன் இதால்தான் வெளியே வரவேண்டும் என்று முடிவு செய்து எதிரே குந்திவிட்டேன்.

வெளியே வந்த ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். காய்கறி, குடை, கைக்குழந்தை. என் பை இல்லை. தூறல் தொடங்கியது. லண்டனில் அந்தப் புத்தகத்துக்காக எத்தனை வரிசைகளில் நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கு இன்னும் கிட்டப்போய்க் குந்தினேன்.

பக்கத்தில் நூடுல்ஸ் விற்ற பெண் வெகுநேரமாக என்னைக் கவனித்திருக்கிறாள். தோளில் தடி, தடியில் பை என்று கையால் நடித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சிரிக்கிற ஆள்! ஆனாலும் போனேன், வேறு வழியில்லை. மாடி மாடியாக ஏறினோம். உச்சியில் ஒரு கதவைத் தள்ளினாள்.

வெளியே தெரு. பஸ் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே ஒரு வாசல், மலை உச்சியில் இன்னொரு வாசல். அந்த ஊரில் கட்டடமும் ஒரு படிக்கட்டுத்தான். சுமைகாரர் அந்த வாசலில் குந்தியிருந்தார். என் பையைக் கயிற்றால் தன் காலோடு கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் பாய்ந்து எழும்பிக் கத்தினார்.

"எங்கையடா போனனீ? நாய் மாதிரிக் கீழ வாசல்ல காவல் நிண்டனான்!" என்று நானும் தமிழில் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டோம் என்று நினைக்கிறேன்.

கூலியை நீட்டினேன். வாங்கவில்லை. பையைத் திறந்து பார் என்று பிடிவாதமாக நின்றார். ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டவைத்தார். நான் பிறகு அவரில் கள்ளப்பழி போட்டுவிடுவேனோ என்று அவருக்கு என்மேல் சந்தேகம். கடைசியாக நீலப் புத்தகம் வந்தது. அதன்பிறகுதான் காசை வாங்கினார், காத்திருந்ததற்கும் சேர்த்து.

மறுநாள் காலை சும்மா படகுத்துறைக்கு இறங்கினேன். அவர் ஒரு பெரிய மர அலுமாரியோடு தனியே நின்றார். என்னைக் கண்டதும் விசிலடித்துத் தடியின் மறுமுனையைக் காட்டினார். பெயரும் கேட்கவில்லை, பத்திரமும் கேட்கவில்லை. தோளைக் கொடுத்தேன்.

அலுமாரிக்குச் சொந்தக்காரர், படகில் வந்திறங்கிய ஒரு வயதானவர், எங்கள் முதுகில் வைத்த கண் எடுக்காமல் பின்னால் வந்தார். அந்த இருட்டு வாசலுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்கோ ஐயா, பயப்பிடாதேங்கோ. மேலையும் ஒரு வாசல் இருக்கு" என்றேன், அவருக்கு விளங்காத தமிழில்.

அன்றைய கூலி ஒரு கோப்பை நூடுல்ஸ்தான். ஆனால் சந்தேகப்படுகிறவனின் முகத்தைச் சுமை தூக்குகிறவனின் பக்கத்திலிருந்து நான் பார்த்தது அந்த ஒரு வேலையில்தான், அந்த முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.