ஐந்தரையில் அரை

கண்ணாடிக் கடையின் உள்ளறையில், சுவரில் எழுத்துப் பலகை மாட்டிய மூலையில் உட்கார்ந்தவர்கள் முப்பத்தெட்டு வருடமாக ஒரே குரலைத்தான் கேட்டுவருகிறார்கள். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுகிற பெண்ணின் குரல் அது. பத்துப் பேரில் ஒருவராவது மூன்றாவது வரிசை படிக்கும்போது நிறுத்திவிட்டு, "உங்களை எங்கேயோ பாத்திருக்கேனே" என்பார். அவள் வில்லையைத் துடைத்துக்கொண்டே, "பாத்திருப்பீங்க. நாலாவது வரிசை படிங்க" என்பாள். ஆள் விடமாட்டார். ஐந்தாவது வரிசைக்குள் பிடித்துவிடுவார்.

"அந்த விக்கல் நீங்கதானே?"

அவளேதான். 'ஐந்தரை' பாட்டுக் குழுவின் விக்கல் அவள். இதைக் கேட்டுவிட்டு ஒரு விக்கல் விக்கிக் காட்டச் சொல்லாமல் கடையைவிட்டுப் போனவர் இதுவரை எவரும் இல்லை. அவளும் வஞ்சனை இல்லாமல் விக்கிக் காட்டிவிட்டுத்தான் கண்ணின் பவர் எழுதுவாள்.

கதை எண்பத்து நாலில் தொடங்குகிறது. அவளுடைய அண்ணன் அப்போது லிஃப்ட் மெக்கானிக். கூட நாலு பேர்: தபால் நிலையத்தில் ஒருவன், டிரைவிங் பள்ளியில் ஒருவன், மீதி இரண்டு பேர் ஒரே அச்சகத்தில். எல்லோருக்கும் வேலை ஐந்து மணிக்கு முடியும். ஐந்தரைக்கு லிஃப்ட் கம்பெனியின் கிடங்கில் கூடி, கிடார், கீபோர்டு, டிரம்ஸ் என்று அமர்க்களப்படுத்துவார்கள். அதனால்தான் குழுவுக்கு ஐந்தரை என்று பெயர். பின்னால் அவள் வந்து சேர்ந்ததும் ஊரே வேறு கணக்குப் போட்டுக்கொண்டது: ஐந்து ஆண்கள், அரைப் பெண். அன்றிலிருந்து குழுவுக்குள் அவளுக்கு 'அரை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல உயரம் வேறு அவள். இருந்தும் அரைதான்.

அவள் வந்து சேர்ந்ததே ஒரு விபத்து. முதல் பாட்டைப் பதிவு செய்யும் நாளில், பின்னணியில் 'ஆ' பாட வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"வாயத் திறந்து 'ஆ'ன்னு சொல்லத் தெரியுமா?"

"பல் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அது போதும், கிளம்பு."

பதிவு அறை ஆறாவது மாடியில். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. முந்தின வாரம் அதைப் பழுது பார்த்தது அண்ணன்தான் என்பதை அவன் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஒரு பன்னை வாயில் திணித்துக்கொண்டு ஆறு மாடி ஏறியவளுக்கு, மேலே போனதும் விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள். டிரைவிங் பள்ளிக்காரன் பின்னாலிருந்து அவள் காதருகே ஜால்ராத் தட்டை ஓங்கி அடித்தான். விக்கல் நிற்கவில்லை, அதற்கும் சேர்த்து அவனை அவள் பின்னால் கல்யாணம் செய்துகொண்டாள்.

அறை வாடகை முடிய இருந்தது இன்னும் ஐந்து நிமிடம். பல்லவியில் ஐந்து பேரும் சேர்ந்து, "எட்டாம் மாடிப் பெண்ணே, நான் நினைத்தது தெரிந்ததா?" என்று பாடி முடிக்கவேண்டும், அவள் 'ஆ' சொல்லவேண்டும். பாடினார்கள். அந்தத் 'தா'வின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது: ஹிக்.

அவ்வளவுதான், பாட்டு நாசம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான் அண்ணன். ஆனால் ஒருவருக்கு விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது? நினைத்தது தெரிந்ததா என்று ஒருத்தன் கேட்கிறான், எட்டாம் மாடியில் ஒருத்திக்கு விக்கல் வருகிறது. இதைவிட அழகாக யாரால் பதில் சொல்ல முடியும்? கேசட் வெளிவந்த மாதமே ஊர் தலைகீழானது. பாட்டை எழுதிய தபால்காரர், "அந்த விக்கலை மட்டும் மூணு மாசம் யோசிச்சேன்" என்று வானொலியில் பேட்டி கொடுத்தார். அவருக்கு வெட்கமே கிடையாது.

பிறகு என்ன, எங்கே பார்த்தாலும் ஐந்தரைதான். பேருந்தில், சலூனில், கல்லூரி விடுதியில். தோளில் பஞ்சு வைத்துத் தைத்த அவர்களுடைய பளபளச் சட்டையைப் பார்த்து, ஊரிலிருந்த பையன்களெல்லாம் தலையணையைக் கிழித்தார்கள். முதல் மேடைக்கச்சேரியில்தான் ஒரு சங்கதி நடந்தது. பல்லவி முடிகிற நேரத்தில் அண்ணனின் இடது தோள் பஞ்சு கழன்று நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுக்க முடியாமல் அவன் பட்ட பாட்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பை விழுங்கிவிட்டு அவள் விக்கியபோது தாளத்தில் ஒரு தட்டு தாமதம். கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆர்ப்பரித்தது. அதிலிருந்து மேடையில் அவளுடைய விக்கல் எப்போதும் ஒரு தட்டு தாமதம்தான்.

"கேசட்ல இருக்கற மாதிரி போடு" என்பான் அண்ணன், ஒவ்வொரு கச்சேரி முடிந்து திரும்பும்போதும். "ஒரு தட்டு லேட்டாகுது."

"விக்கல் என்ன ரயிலா, நேரத்துக்கு வர?" என்பாள் அவள்.

இப்படியே நாற்பது வருடம். நடுவில் வாழ்வும் வந்தது, தாழ்வும் வந்தது. தொண்ணூறுகளில் ஒருவரும் சீந்தவில்லை. டயர்க் கடைத் திறப்பு விழாவில் டயர்களுக்கு நடுவே நின்று பாடினார்கள். அப்புறம் கைப்பேசி வந்ததும் யாரோ அவளுடைய விக்கலை மட்டும் வெட்டியெடுத்து அழைப்பு மணியாக வைத்தார்கள். அதற்கும் அப்புறம் சின்னப் பிள்ளைகள் அரை நிமிட வீடியோவில் அதற்கு வாயசைத்தார்கள். போனது போனது என்று ஊர் நினைக்கும்போதெல்லாம் திரும்பி வந்தார்கள். இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று பேட்டிக்கு வந்தவர்கள் கேட்டால் அண்ணன் பெரிய பெரிய வார்த்தைகளாகச் சொல்வான். உண்மை ரொம்பச் சின்னது. ஒருவரும் வேலையை விடவில்லை. எந்தக் காலத்திலும் ஐந்து மணிவரை வேலை, ஐந்தரைக்குப் பாட்டு.

நாற்பதாம் ஆண்டுக்குப் பெரிய ஏற்பாடு நடந்தது. உள்ளூர் விளையாட்டு மைதானத்தில் மாலை ஐந்தரைக்கு ஒரு கச்சேரி, அதைத் தொடர்ந்து பதினோரு ஊர்களுக்குப் பயணம். புதிதாக ஒரு ஒலிக்காரி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி, சத்தங்களை ஊசி நூல் கோக்கிற மாதிரி கையாள்பவள்.

ஒத்திகையின் மூன்றாம் நாள். இடைவேளை என்று நினைத்துக்கொண்டு நம் விக்கல்காரி ஒரு முழு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டாள். அண்ணனோ பல்லவியைத் தொடங்கிவிட்டான். வாயைத் திறக்க முடியவில்லை. போச்சு, இன்றைக்குத் திட்டு வாங்கப்போகிறோம் என்று அவள் நினைத்த கணத்தில், பாட்டு முடிகிற இடத்தில், ஒலிபெருக்கியிலிருந்து மணியாக வந்தது: ஹிக்.

அவளுடைய விக்கல். கேசட்டில் பதிவான பத்தொன்பது வயது விக்கல். இம்மி பிசகாமல் 'தா'வின் வாலில் வந்து விழுந்தது.

பிஸ்கட்டை மென்று விழுங்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. ஒலிக்காரி பாவம், "அக்கா, உங்ககிட்ட சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன்" என்றாள். ஒலிக்காரியின் மேசையில், கேசட்டிலிருந்து எடுத்த விக்கலை ஒலிக்கவிடும் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அண்ணன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே துடைத்த கீபோர்டு.

"பயணத்துல எல்லாத்தையும் பதிவு பண்றாங்க. சரியான இடத்துல விழணும், பாரு" என்றான். "அதோட வேன்ல ஆறு சீட்டுதான். நாங்க அஞ்சு பேர், ஒலிக்கு ஒரு ஆள். உனக்கும் கடைக்கு லீவு போட வேண்டாம்."

"சரிண்ணா."

"உள்ளூர்ல நீ வழக்கம்போல நில்லு. 'ஆ' பாடு. விக்கலை மட்டும் மெஷின் பாத்துக்கும்."

"சரிண்ணா."

அன்று வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்காமலே அழுதாள். கணவர் பக்கத்தில் நின்று இரண்டு கரண்டியால் அடுப்பு மேடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். வருத்தம் வந்தால் அவருக்குத் தெரிந்தது அதுதான்.

"நானும் போகல" என்றார்.

"நீங்க போகலைன்னா டிரம்ஸுக்கும் ஒரு பொத்தான் வெச்சிடுவாங்க. போங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பாடத் தெரியாதுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். இந்த ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. இதுகூட லேட்டாம்."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் தட்டுவதை நிறுத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

கச்சேரி நாள். நாலாயிரம் பேர் என்றார்கள். தாத்தாக்கள் வந்திருந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள், நடுவில் அவள் பவர் எழுதிக்கொடுத்த கண்ணாடிகளோடு பாதி ஊரே வந்திருந்தது. ஐந்து பேரும் பழைய தோள் பஞ்சுச் சட்டையைப் புதிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொப்பைக்காக மட்டும் துணி கூடுதல். சூரியன் சாயாத வெளிச்சத்தில் அந்தச் சட்டைகள் கண்ணைப் பறித்தன.

கடைசியாக அந்தப் பாட்டு. மைதானமே எழுந்து நின்றது. "எட்டாம் மாடிப் பெண்ணே, நான் நினைத்தது தெரிந்ததா?"

பொத்தான் தன் வேலையைச் செய்தது. 'தா'வின் வாலில், துல்லியமாக, ஹிக்.

ஆனால் நாலாயிரம் பேர் அப்போதுதான் மூச்சை உள்ளே இழுத்திருந்தார்கள். ஒரு தட்டு காத்திருந்து, எல்லோரும் சேர்ந்து விக்கினார்கள். மெஷினின் விக்கல் தனியாக, முந்திரிக்கொட்டையாக முன்னால் போய் விழுந்திருந்தது. மைதானத்தில் சிரிப்பு கிளம்பியது. கேசட்டை அவர்கள் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். கூடி நின்று விக்கியதெல்லாம் அவளோடுதான். அதனால் அவள் விக்குகிற இடம்தான் அவர்களுக்குப் பாடமாகியிருந்தது.

இரண்டாவது பல்லவி. மறுபடி பொத்தான், மறுபடி அதற்கு ஒரு தட்டு கழித்து நாலாயிரம் விக்கல். இந்த முறை எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. ஒப்புக்கொண்டபடி விக்கல் இடத்தில் அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். முன் வரிசையிலிருந்து, போன மாதம் கண்ணாடி மாற்றிய பெரியவர் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்:

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

அண்ணனுக்கு வியர்த்தது. வியர்வையில் அவனுடைய இடது தோள் பஞ்சு மெல்லக் கழன்று, சட்டைக்குள் வழுக்கி, நெஞ்சுக்கு இறங்கியது. அவன் கீபோர்டை விடாமல் தோளைக் குலுக்கிப் பார்த்தான். பஞ்சு இன்னும் ஒரு படி இறங்கித் தொப்பையில் உட்கார்ந்தது.

அவளால் தாங்க முடியவில்லை. அன்று சமையலறையில் அழுது மிச்சம் வைத்த அழுகை எல்லாம் சிரிப்பாகக் கிளம்பிவிட்டது. சிரித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி சிரித்தாள். மூன்றாவது பல்லவி முடிந்தது. ஒலிக்காரி இரண்டு கையையும் தூக்கி, பொத்தானை அழுத்தவில்லை என்று காட்டினாள். ஒரு தட்டு அமைதி. அப்போது நாலாயிரம் பேரோடு சேர்ந்து அவளுக்கும் வந்தது. நடித்துக் காட்டுகிற விக்கல் இல்லை. ஆறு மாடி ஏறிய நாளுக்கு அப்புறம் மைக்கின் முன்னால் முதல்முறையாக, நிஜ விக்கல்.

வந்தது நிற்கவில்லை. அண்ணனின் கீபோர்டு வாசிப்புக்கு நடுவில் ஹிக். தபால்காரர் நன்றி சொல்லும்போது ஹிக். ஒவ்வொன்றுக்கும் மைதானம் பதில் விக்கியது. கணவர் டிரம்ஸில் விக்கலுக்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அண்ணன் வாசிப்பதை நிறுத்தினான். தொப்பையிலிருந்து பஞ்சை உருவிக் கையில் வைத்துக்கொண்டு மைக்கிடம் வந்தான்.

"நாப்பது வருஷமா இவ லேட்டு லேட்டுன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றான். "நான்தான் சீக்கிரம் போலிருக்கு."

அதற்குக் கிடைத்த கைதட்டல், அவனுடைய எந்தப் பாட்டுக்கும் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கண்ணாடிக் கடையில் இருந்தாள். விக்கலும் இருந்தது. "இது தெளிவா, ஹிக், இருக்கா?" என்று கேட்டால் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுத்தைப் படிப்பாளா, சிரிப்பாளா? அந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிய நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. அண்ணன்.

"வேன்ல ஏழாவது சீட்டு போடச் சொல்லிட்டேன். கடைக்கு லீவு சொல்லிடு."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது.

"இன்னுமா நிக்கல?" என்றான். "நேத்திலிருந்து நானும்தான் உன்னையே நினைச்சிட்டிருக்கேன். அதுல கொஞ்சம் என்னோடதா இருக்கும்."

அவள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் தண்ணீர் பாட்டிலை மூடி, அந்த அம்மாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.