தரையில் பிரேக் மிதித்தவர்

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, தடித்த மணிக்கட்டு. டிரைவர் லாரியை முந்தும்போதெல்லாம் அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தி மிதித்தது. பார்த்து எனக்கும் பயமாகிவிட்டது.

“காலு வலிக்கா அண்ணாச்சி?” என்றேன் தயங்கி.

“இல்ல. இருவது வருசமா கார் ரேஸ் ஓட்டுதேன். இப்ப நாள் முழுக்க ஓடுற ரேஸுக்குக் கூப்பிடுதாக. ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டணுமாம்.”

“அம்புட்டு நேரம் ஓட்ட உடம்பு தாங்குமா?”

“ஓட்டிருவேன். என் வண்டிய அடுத்தவன் ஓட்டும்போது சும்மா இருக்க ஏலுமா? அதுக்குத்தான் பஸ்ஸுல உக்காந்து பழகுதேன். நாளைக்குப் பதில் சொல்லணும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேர்த்துக் கொட்ட இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.