வற்றக் காய்ச்சிய தண்ணீர்

ஏழாலையில் தவமலர் அடுப்பில் வைத்த தண்ணீரை லேசில் இறக்கமாட்டாள். கேத்தில் மூடி தடதடக்கும், அவள் அசையமாட்டாள். அந்தச் சத்தத்துக்குள் அவளுக்கு ஒரு பிள்ளை அழுவது கேட்கும்.

முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்து மிதுசன் என்று பெயரும் வைத்த மகன் ஒரு மாரியில் உதடும் நகமும் நீலம் பாரித்துக் கையிலேயே போய்விட்டான். இருதயம் என்றார்கள் சிலர், கண்ணூறு என்றார்கள் மாமி ஆட்கள். தவமலர் தனக்குள் வேறு முடிவு கட்டினாள். தாய்ப்பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுத்தவள் அவள். தண்ணீரை நன்றாகக் காய்ச்சாததுதான் பிள்ளையைக் கொன்றது என்று நம்பினாள்.

அதனால் தங்கை வினோஜா மகளைப் பெற்று, ஒப்பரேசன் காய்ச்சலில் பால் வற்றிப் படுத்தபோது, “தண்ணிப் பக்கம் நீ வராதை, அது என்ரை வேலை” என்றுவிட்டாள். பிள்ளைபெற்றவளுக்குக் குடிநீர்க் கசாயம் அவிப்பதுபோல எட்டுச் சுண்டுத் தண்ணீரை ஒரு சுண்டாக வற்றவைத்து, அதில் பால்மா கரைத்துத்தான் சூப்பிப் போத்தலில் ஊற்றினாள். கிருமிப் பேயை விரட்டுகிறேன் என்று அடுப்படியில் காவல் கிடந்தாள், பாவி.

மருத்துவபீடத்து ஆராய்ச்சிக்காக வெங்காயத் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப்போன லவீனா என்ற பெட்டை ஒருநாள் காலையில் திரும்பி வந்தாள்.

“அக்கா, தோட்டத் தறையளுக்குப் போடுற யூரியாப் பசளை உங்கடை கிணத்திலை நல்லா இறங்கிக் கிடக்கு. கைக்குழந்தையளுக்கு இந்தத் தண்ணி கூடாது. இரத்தம் மூச்சுக் காத்தைக் காவிக்கொண்டு போகாது, உடம்பு நீலமாப் போகும்.”

“நாங்கள் வத்தக் காய்ச்சியெல்லோ குடுக்கிறம்!”

“காய்ச்சினாக் கிருமி சாகும். பசளை சாகாது அக்கா. தண்ணிதான் வத்தும், அது இன்னும் தடிக்கும்.”

தவமலர் ஏணைத் தொட்டிலுக்கு ஓடினாள். இரண்டு நாளாகப் பிள்ளை சோர்ந்துதான் கிடந்தது, சளித் தடிமன் என்று நினைத்திருந்தார்கள். பின்னால் வந்த லவீனா அதன் உதட்டைப் பார்த்ததும், “ஓட்டோவைக் கூப்பிடுங்கோ” என்று கத்தினாள். அடுப்பில் கேத்தில் தடதடத்துக்கொண்டே இருந்தது. அதை இறக்க ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் ஏதோ நீல மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்து, பிள்ளை வீரிட்டு அழுதது. வினோஜா சிரிப்பும் அழுகையுமாக அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, பாருங்கோ, சிவந்திட்டாள்!”

தவமலரால் அந்த அழுகையைக் கேட்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சுவரோர வாங்குப் பலகையில் சரிந்தாள்.

“என்ரை மிதுசனுக்கும் உந்த ஒரு ஊசிதானோ வேண்டிக்கிடந்தது?”