மேல்மாடிச் சாணைக்காரர்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், காலணியைக் கழற்றும் முன்பே ஒலிபெருக்கியின் பொத்தானைத் தட்டிவிடுவார். அது சூடாக வேண்டுமாம். இந்தக் காலத்து ஒலிபெருக்கியில் சூடாவதற்கு ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ஒரு காலில் காலணியும் மறு காலில் காலுறையுமாக மேசை மேல் குனிந்து, கணினித் திரையில் ஒரு குமிழைத் திருப்புவார். உடனே, சிமெண்ட் தரையில் யாரோ இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம் எழும். சமையலறையில் அவர் மனைவி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அது ஓயும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முன்பெல்லாம் திட்டுவாள். திட்டினாலும் கேட்கப் போவதில்லை என்பதால் இப்போது தொண்டையை மிச்சப்படுத்துகிறாள்.

"எப்படி?" என்பார் அங்கிருந்தே.

"பல்லு கூசுது."

"நெஜமாவா?" முகம் மலர்ந்துவிடும். "அதுக்குத்தான் ஒரு வாரமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

கடைகளில் பில் போடும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. நாள் முழுக்க ஒரே 'பீப்'. சோப்பைக் காட்டினாலும் பீப், சீப்பைக் காட்டினாலும் பீப். "இவ்ளோ நல்ல பிள்ளையா ஒரு சத்தம் இருக்கலாமா? கேக்கறப்பவே கோவம் வருது" என்பார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அவர் எழுதிய மென்பொருள். புல்லாங்குழல் மாதிரியோ வயலின் மாதிரியோ ஒலிக்க அதற்குத் தெரியாது. எண்களை வெட்டும், மடக்கும், தலைகீழாகப் புரட்டும், மிஞ்சியதைச் சத்தமாக்கித் துப்பும். அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். முகம் தெரியாத யார் யாரோ எடுத்துப் பயன்படுத்திவிட்டு அவருக்கு எழுதுகிறார்கள். "காது கிழிஞ்சிடுச்சாம், பாரேன்" என்று மனைவியிடம் காட்டிப் பூரித்துப் போவார். இதில் காசு வரவில்லையே என்று அவளுக்கு வருத்தம் கிடையாது. வந்திருந்தால் இன்னொரு ஒலிபெருக்கி வாங்கியிருப்பார்.

திரையில் உள்ள குமிழ்களுக்கு அவரே பெயர் சூட்டியிருக்கிறார்: மணல், தகரம், கொட்டாவி, பெரியம்மா. கடைசிக் குமிழைத் தொட்டுவிட்டால் சத்தம் தன் பேச்சைத் தானே பிடித்துக்கொண்டு வளர்ந்துகொண்டே போகும். நடுவில் புகுந்து நிறுத்த முடியாது. சொந்தப் பெரியம்மா வந்து தங்கியிருந்தபோது திரை மேல் துண்டைப் போட்டு மூடிவைத்தார்கள்.

கீழ்வீட்டு அம்மாள் குடிவந்த புதிதில், மாடியில் சாணை பிடிக்கிறார்கள் என்றே நம்பிவிட்டாள். ஒருநாள் கத்தரிக்கோலோடு வந்து கதவைத் தட்டினாள். "சார் இருக்காரா? அவசரமில்ல, சாயங்காலம் குடுத்தா போதும்." மனைவிக்கு மானம் போயிற்று. அவரோ கத்தரிக்கோலை வாங்கி, ஒலிவாங்கிக்கு முன்னால் நாலு முறை திறந்து மூடி, அந்தக் கிறீச்சைப் பதிவு செய்துகொண்டு, "பிரமாதமா இருக்குங்க. தயவு செஞ்சு சாணை மட்டும் பிடிச்சிடாதீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர் சாணைக்காரர்.

இத்தனைக்கும் அவர் மனைவிக்கு வேலை, காது கேட்கும் கருவி விற்கும் கடையில். சத்தம் புகாத சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வாள். கேட்காதவர்களில் பலர் திருட்டுத்தனமாக அவள் கையையே கவனிப்பார்கள். கை பொத்தானுக்குப் போனால் விரல் மேலே போகும். பரீட்சையில் தோற்றுவிடக் கூடாது என்ற பயம்தான், வேறென்ன. அவர்களைக் கடிந்துகொள்ள அவளுக்கு மனம் வராது. நாற்காலியை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். "ஒரு தடவ வந்து உக்காந்துட்டுப் போங்களேன்" என்று கணவரைக் கூப்பிடாத நாளில்லை. "எனக்கு என்ன வயசா ஆயிடுச்சு? அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் வருடக்கணக்காக வந்துகொண்டே இருக்கிறது.

போன மாதம் மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்டார். இந்த முறை பாராட்டுக்குப் பதிலாகப் புகார்கள் வந்தன. எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்தாலும் ஒரு மெல்லிய கீச்சொலி நிற்கவே மாட்டேன் என்கிறதாம். முதல் ஆளுக்கு, உங்கள் ஒலிபெருக்கியை மாற்றிப் பாருங்கள் என்று எழுதினார். அடுத்த ஆளோடு சண்டை பிடித்தார். "எல்லாருக்கும் சேத்து வெச்சு ஒரே பிரமையா?" என்று வீட்டுக்குள் கத்தினார். பிறகு எழுதியதை வரி வரியாகப் பிரித்துப் போட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிட்டுப் போனார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வீம்பெல்லாம் தீர்ந்து, ஒரு விடுமுறை நாள் காலையில் அவளைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் பூஜ்யத்துல வெச்சிருக்கேன். ஏதாவது கேக்குதா, சொல்லு."

"கேக்குது."

"இப்பவா?"

"ஒரு மாசமா கேக்குது. சமையலறை வரைக்கும்."

"ஒரு மாசமாவா? அப்புறம் ஏன் சொல்லல?"

"எதச் சொல்ல? இந்த வீட்டுல காதக் குத்தற மாதிரி ஒண்ணு கேட்டா, அது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆசப்பட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவர் எழுந்து போய் ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறு காதை வைத்தார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

'நான் அப்பவே சொன்னேன்' என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம். ஆனால் காது மந்தம் என்று கடையில் யார் யாருக்கோ பதறாமல் எடுத்துச் சொல்பவள், இங்கே அதை விழுங்கிக்கொண்டாள். இந்தப் பாழாய்ப்போன சத்தத்தைத் தவிர அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. அதுவும் அவருக்குக் கேட்காமல் போனால் என்ன செய்வார்?

"உக்காருங்க" என்றாள். "கண்ண மூடிக்கங்க. சத்தம் கேட்டா விரலத் தூக்குங்க."

"இதுலயேவா?"

"இதுலதான். கத்தறதுக்கு மட்டும்தான் லாயக்கா இது?"

கீச்சொலி குறுக்கே வராதபடி ஒலிபெருக்கியைச் சுத்தமாக அடக்கினாள். பதற்றத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்ப மறந்துபோனாள். அவர் கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை முழங்கால் மேல் தயாராக வைத்துக்கொண்டார். எதிலிருந்து தொடங்கலாம் என்று அவள் குமிழ்களைப் பார்த்தாள். யோசித்தபடியே வலது கையை நகர்த்தி மவுசின் மேல் வைத்தாள். அவருடைய இடது இமை நூலளவு திறந்தது. ஒலிபெருக்கியில் இன்னும் எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் விரலைத் தூக்கினார்.