ஊர் மிண்டாமல் இருந்த மூன்று மாதம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய உதியன்குளங்கரையில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அங்கே சாயங்காலம் ஆறு மணியானால் யாரும் வாய் திறக்காத காலம் ஒன்று இருந்தது. அதற்குக் காரணம் நான். வெளிநாட்டில் குடியேறுவதற்கான ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் வேலை. நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனை என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. வருடக் கடைசிக்குள் நான் ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதற்குப் பிறகு அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். அவளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா முதல் நாள் காலையில் போய்விட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பியவர், பிறகு போகவில்லை. நான் தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். இதை நான் சொல்லாமலே ஊருக்குத் தெரியும். அப்பா சொல்லியிருந்தார்.

பரீட்சையில் நான்கு பகுதிகள். படிப்பதும் எழுதுவதும் எனக்குப் பயமில்லை. பேசுவதைச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். கேட்பதுதான் புதிது. கேசட்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ஒரே ஒரு தடவைதான். கேட்டுக்கொண்டே பதில் எழுத வேண்டும். என்னோடு படித்தவள் ஒருத்தி போன வருடம் தேறிப் போயிருந்தாள். அவளுடைய பயிற்சிக் கேசட்டுகள் எனக்கு வந்தன. டேப் ரெக்கார்டர் எங்கள் வீட்டில் முன்பே உண்டு.

முதல் நாள் கேசட்டைப் போட்டபோது அப்பா வேலை முடிந்து வந்தார். அவர் ஜங்ஷனில் சுமை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளி. லாரியின் மேலே நின்று கீழே இருப்பவர்களிடம் பேசியே பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் பதில் வரும். அன்று அவர் ரகசியம்கூடச் சொல்லவில்லை, சாயா கேட்டார். அதற்குள் கேசட்டில் வெள்ளைக்காரி நூலகத்தின் முகவரியைச் சொல்லி முடித்துவிட்டாள். கொஞ்சம் மிண்டாமல் இருங்கள் என்று சொன்னேன். பேசாமல் இருங்கள் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை அம்மா செய்தாள்.

ஒரு வீட்டில் சத்தம் கூடாதென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். அம்மை போட்ட வீட்டின் முறை. ஆறு மணிக்கு மேல் தாளிப்பு கிடையாது. எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறாது. வெளியாள் முற்றத்துக்குள் வரக்கூடாது. பாத்திரத்தைக் கீழே வைத்தால் அடியில் துணி வைக்க வேண்டும். வேப்பிலை மட்டும்தான் செருகவில்லை. அதையும் செருகியிருப்பாள், நான் பார்த்துவிட்டேன்.

கிழக்கேவீட்டு மாமி மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இளநீரோடு வந்து நின்றாள். எங்கள் வீட்டில் யாருக்கு அம்மை என்று மெதுவாக விசாரித்தாள். பரீட்சை என்று அம்மா சொன்னாள். மாமி யோசித்தாள். எதுவாக இருந்தாலும் குளிர்ச்சிதானே என்று இளநீரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளும் கோழிகளை ஆறு மணிக்கு முன்பே அடைத்தாள்.

இதில் மாமியின் பங்கு பெரியது. அம்மாவும் மாமியும் தினமும் அந்த நேரத்தில் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போடுகிறவர்கள். எங்கள் தென்னை அவர்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஓலை விழுந்தால் சண்டை. விழாவிட்டால், எப்போது விழும் என்று சண்டை. பரீட்சைக்காக அதை நிறுத்திவைத்தார்கள். சண்டை நின்றதும் இருவருக்கும் பேச்சும் நின்றுபோனது. வேறு முறையில் பேசி அவர்களுக்குப் பழக்கம் இல்லை.

அமைதி நன்றாகவே வேலை செய்தது. கேசட்டில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பதில்கள் எல்லாம் சரியாக வந்தன. மருத்துவமனையில் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

பரீட்சை சென்னையில், ஒரு பெரிய சாலையோரக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் நடந்தது. எனக்குக் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இடம். டேப் ரெக்கார்டர் முன்னால் மேசையில் இருந்தது. கண்காணிப்பாளர் அம்மையார் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்து, எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்டார். எனக்குப் பாதி கேட்டது. பக்கத்தில் இருந்த சென்னைக்காரர்கள் தலையாட்டினார்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தவள் ஆங்கிலம் கேட்கவில்லை என்று கை தூக்குவதாவது. நானும் தலையாட்டினேன். அடுத்த மனையில் போர்வெல் போட ஆரம்பித்தார்கள்.

வெள்ளைக்காரர் ஏதோ ஒரு படகுப் பயணத்துக்குச் சீட்டு வாங்கினார். எந்த நாள், எத்தனை பேர் என்பதெல்லாம் பூமிக்குள் போய்விட்டது. நிசப்தத்தில் வளர்த்த காது, ஒரு இரைச்சல் வந்ததும் அதைத்தான் கேட்கும். பாறை வந்ததையும் குழாய் மாற்றியதையும் நான் தெளிவாகக் கேட்டேன். அதைப் பற்றிக் கேள்வி இல்லை.

பேச்சுத் தேர்விலும் சொதப்பினேன். தேர்வு நடத்தியவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நல்ல வீடு, ஐயா என்று சொல்லி நிறுத்தினேன். அவர் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்துவதுதான் எங்கள் தொழில். இந்தப் பரீட்சைக்கு அது ஆகாது, கேட்டதற்கு மேல் நாலு வரி பேச வேண்டும் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உடனே, மனப்பாடம் செய்து வைத்திருந்த கள்ளிக்காட்டு அணையைப் பற்றிய பத்தியை எடுத்தேன். அதை நுழைக்க வழி இல்லாததால் அணை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னேன். பஸ் மாறிப் போக வேண்டிய தூரம் அது. வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கவலையோடு கேட்டார். அதற்குப் பத்தியில் பதில் இல்லாததால் சொந்தமாகப் பேச வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சில்தான் அந்தப் பகுதியில் தப்பித்தேன் என்று நினைக்கிறேன்.

மற்ற மூன்றும் தேறின. கேட்பதில் ஒரு படி குறைந்திருந்தது. மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்தால் வருடமும் ஏறக்குறைய முடிந்துவிடும். இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

என்ன பிழை என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அமைதிதான் பிழை. அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். துணி இல்லாமல் வைத்தாள்.

"நாங்க மிண்டாம இருந்தது குற்றமாக்கும்?"

"குற்றம்னு சொல்லல்ல அம்மா. இனி ஒச்ச வேணும், சத்தம் வேணும்."

"தாளிக்காத கறி மூணு மாசம் தின்னேன்" என்று அப்பா சொன்னார். அடுத்த வீட்டில் யாரோ இருமினார்கள்.

மாமிக்கும் செய்தி போனது. அவளுக்கு அம்மாவைவிட வருத்தம். ஆறு மணிக்கு முன்னால் கோழியை அடைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும் என்றாள். ஆனாலும் பிள்ளைக்காக ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் சத்தத்துக்கு எல்லாரும் தயாராக நின்றார்கள். நான் கேசட்டைப் போட்டேன். அப்பா முற்றத்தில் நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று உரக்கக் கேட்டார். அம்மாவை மைனி, அதாவது மதினி, என்று கூப்பிடும் மாமி வேலிக்கு வந்தாள்.

"மைனி, சாயா குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு மைனி. நீ குடிச்சாச்சா?"

"குடிச்சாச்சு."

அதோடு முடிந்தது. கல்யாண வீட்டில் முதல்முறை சந்தித்த சம்பந்திகள்போல இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த நாள் அப்பா ரேடியோவில் மலையாளச் செய்தியை வைத்தார். நான் கேசட்டை விட்டுவிட்டுச் செய்தியை முழுவதும் கேட்டேன். எனக்குத் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். எந்தப் பக்கமிருந்து பேச்சு வந்தாலும் புரிந்து தொலைக்கும். இரண்டு மொழி தெரிந்த ஊரில் பிறந்தவர்கள் இந்தப் பரீட்சைக்கு இரண்டு மடங்கு சத்தத்தைத் தாண்ட வேண்டும் என்பதை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் போடவில்லை.

சொல்லிவைத்துப் போடும் சத்தம் உதவாது என்று தெரிந்துபோனது. அதை எப்படி நிஜமாக்குவது என்று தெரியவில்லை. மாதம் ஒன்று போய்விட்டது.

ஒரு சாயங்காலம் காற்றடித்தது. எங்கள் தென்னையின் மட்டை மாமி வீட்டில் குளிக்கும் அறையான குளிமுறியின் கூரைமேல் விழுந்தது. ஓடு உடைந்தது. நான் கேசட் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு பெண் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

மாமி வேலிக்கு வந்தபோது சாயாவைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தனை மாதம் பிடித்துவைத்திருந்ததெல்லாம் அன்று வந்தது. அந்த மரத்தை நட்டவர், அதை வெட்டாதவர், அந்த வீட்டுக்குப் பெண் எடுத்தவர் என்று வரிசையாக எல்லாரையும் இழுத்தாள். அம்மாவும் சளைக்கவில்லை. குரலில் அப்படி ஒரு தெளிவு. நான் எழுதிக்கொண்டிருந்தேன். வாடகை எழுதினேன், தெருப்பெயர் எழுதினேன், சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதினேன். இரண்டு பெண்களின் சண்டை ஒரு பக்கம் ஓடியது, வீடு தேடுகிறவள் ஒரு பக்கம் ஓடினாள். ஒருவரை ஒருவர் முட்டவில்லை.

பிறகு மாமி சொன்னாள்:

"மோளும் போயிருவா. பெறகு நீ ஆருகிட்ட மிண்டுவ? இந்தத் தென்னைகிட்டயா?"

அம்மாவின் குரல் தாழ்ந்தது. வேலிக்கு முன்னால் அவள் குரல் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"உனக்கிட்டதான் மிண்டணும். வேற ஆரு இருக்கா எனக்கு? அதனாலதான் மரத்தை வெட்டல்ல."

சண்டை மறுபடி ஓட்டின் விலைக்குத் திரும்பியது.

கேசட் முடிந்ததும் பதில்களைச் சரிபார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் சரி. அந்த ஒன்றுக்கு நேரே இடம் காலியாக இருந்தது. பரீட்சையில் ஒரு தடவைதான் கேட்க முடியும் என்பதால் கேசட்டைத் திருப்பிப் போடுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன். அன்று திருப்பினேன். வீடு தேடியவள் எப்போது குடிவருவாள் என்பதுதான் விட்டுப்போன பதில். அந்த இடத்தில் நான் கேட்டது அம்மாவை. அம்மா கேசட்டில் இல்லை.

அதன்பிறகு சத்தத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் தானாக வந்தது. காலி இடங்கள் குறைந்தன.

இரண்டாம் தடவையும் அதே கட்டிடம், அதே அம்மையார். எல்லாருக்கும் கேட்கிறதா என்றார். நான் கை தூக்கி, எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று எழுந்து நின்றேன். நாற்காலியை முன்னால் போடச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நாற்காலியோடு வந்தார்கள். அவர்களும் முதலில் தலையாட்டியவர்கள்தான்.

நடுவில் கீழே வாசலில் இரண்டு பேர் ஸ்கூட்டர் நிறுத்துவது பற்றிச் சண்டை போட்டார்கள். சுமாரான சண்டை. பரம்பரையை இழுக்கவே இல்லை. நான் ஒரு பதிலையும் விடவில்லை.

தேறிய செய்தியை நான் சொன்னதும் அம்மா அடுப்பில் சட்டியை ஏற்றிக் கடுகு போட்டாள். அப்பா எனக்கு மட்டும் கேட்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எட்டி மக்கா, கொள்ளாம்" என்று மெச்சினார். ஜங்ஷன் வரை தெரிந்துபோனது. மாமி வேலிக்கு வந்தாள்.

"பிள்ள பாஸாயாச்சுன்னா, இனி நாம ஒச்ச போடாண்டாம் இல்லியா?"

அம்மா கரண்டியோடு வெளியே போனாள்.

"அவளுக்க பரீச்சை முடிஞ்சுது. உடைஞ்ச ஓட்டுக் கணக்கு முடியல்லியே."

அவர்கள் ஆரம்பித்தார்கள். நான் உள்ளே பெட்டியில் எதையெல்லாம் எடுத்து வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பேசியது எல்லாம் கேட்டது.