"தெரியுதா?" என்று கேட்கிற வேலை

பஞ்சால் தொட்டு "தெரியுதா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு; பதில் வருவதற்குள் நான் பத்து சாமியைக் கும்பிட்டுவிடுவேன். ரிசல்ட்டுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்தவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

கண்ணை மூடுங்க

காரைக்காலில் நான் பிசியோதெரபிஸ்ட். சபீனாவுக்குப் புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையால் புது மார்பு வைத்து, நரம்பையும் இணைத்திருந்தார்கள். நரம்பு பிடித்தால் உணர்ச்சி திரும்பும், பிடிக்காமலும் போகலாம். "மவ கட்டிப்புடிச்சா அந்தப் பக்கம் பலகையாட்டம் இருக்கு சிஸ்டர்" என்பாள்.

வாராவாரம் "தெரியலை" என்றவள், ஒருநாள் கண்ணை மூடியதுமே "தெரியுது" என்றாள். அடக் கடவுளே, நான் இன்னும் தொடவே இல்லை! "ஏம்மா பொய் சொல்றே? இனிமே நான் எதை நம்புறது?" என்று கத்திவிட்டேன்.

"இல்லைன்னு சொன்னா உங்க மொகம் செத்துப்போவுது சிஸ்டர், பாக்கவே பாவமா இருக்கு."

உப்பு ஒத்தடம்

சபீனாவுக்குத் தோள் வலிக்கிறதென்று அவள் மாமியார் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார். முடிச்சு நழுவிப் புது மார்பின்மேல் கிடந்திருக்கிறது. இவளுக்குத் தெரியவே இல்லை. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். இணைத்த நரம்பும் வெந்துபோயிருந்தால்? மேல்தோல்தான் என்று டாக்டர் மருந்து போட்டார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அல்லாவே, இவ வாயே தொறக்கலையே, எதமா இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

முள்

புண் ஆறிச் சில மாதம் கழித்து சபீனா ஓடிவந்தாள். மார்பில் சுருக் சுருக்கென்று முள் குத்துகிறதாம். "திரும்ப வந்துடுச்சா சிஸ்டர்? மவ சின்னப் புள்ள சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிகளுக்கு நடுவே தினமும் பயமில்லாமல் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் நான். அன்று ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து நகம் கடித்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, நோய் இல்லை, நரம்பு வளர்கிற குத்தலாக இருக்கும், தொட்டுப் பாருங்கள் என்றார்.

கண்ணை மூடச் சொன்னேன். முதலில் தொடாமல் நின்றேன், இந்த முறை அவள் பொய்யாகத் "தெரியுது" என்று சொல்லவில்லை. பஞ்சைத் தேடப் பொறுமை இல்லை, விரலையே வைத்தேன். "தெரியுதா?" என்று நான் கேட்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஏன் சிஸ்டர் உங்க கை இப்புடி சில்லுன்னு இருக்கு, பயந்துட்டீங்களா?"

எல்லாரும் வலி போகணும் என்று வருகிற ஆஸ்பத்திரியில், வலி வந்துவிட்டதே என்று முதலில் நடுங்கி அப்புறம் சந்தோஷப்படுகிற ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.