ஒரே பேர்க்காரர்களை அழிக்கச் சொன்ன கட்டளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அப்படியே மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரைக்கும் படித்த பொம்பளை கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு பயம். சோறு போட்ட சங்கத்தைப் பற்றி வெளியே பேசலாமா என்று இன்னொரு பயம். போன ஆடி அமாவாசைக்கு அறப்பளீஸ்வரர் சன்னதியில் நின்றபோது மனசு ஒரு நிலைக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்வதில் என்ன தப்பு? சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் சங்கம் மிளகு, காப்பி போடுகிறவர்களுக்கானது. வேலை நடப்பது மலைமேல் செம்மேட்டில். மேனேஜர் உட்கார்ந்திருப்பது அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில். மலையில் போன் சிக்னல் ஒரு பாறைமேல் ஏறினால் கிடைக்கும், இறங்கினால் போய்விடும். அதனால் சங்கமே சேதி அனுப்புவதற்கென்று சொந்தமாக ஒரு சர்வர் வைத்தது. ஆபீஸ் பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி. அங்கிருந்து ஊருக்கு ஊர் ரேஷன் கடைக் கூரையில் ஒரு சின்னப் பெட்டி. மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு அக்கவுண்ட், அதற்கு ஒரு நம்பர். எழுதியும் அனுப்பலாம், பேசியும் அனுப்பலாம். வெளியூரில் இருக்கிறவர்களும் அனுப்பலாம். கேட்க வேண்டியவர் பெட்டிப் பக்கம் வருகிறவரைக்கும் அந்தக் குரல் சர்வரிலேயே காத்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மிளகு மூட்டைக்குச் சீட்டு எழுத. சர்வரைப் பொருத்திக் கொடுத்த இன்ஜினியர் சேலத்துக்காரர். ஒரு வாரம் இருந்தார். தினமும் ஆபீஸைத் திறக்கிறவள் நான்தான் என்பதால் எனக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். படம் கிடையாது, தொடுவதற்குப் பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் கமாண்டை அடித்து என்டர் தட்ட வேண்டும். புது ஆளைச் சேர்க்க ஒன்று, பாஸ்வேர்ட் மறந்தவருக்கு மாற்றிக் கொடுக்க ஒன்று, எல்லார் பேரையும் வரிசையாகப் பார்க்க ஒன்று. ஒரு எழுத்து மாறினாலும், ஒரு இடைவெளி விட்டுப்போனாலும் கேட்காது. வெள்ளிக்கிழமை தோறும் நூற்றெட்டுப் போற்றியைப் புஸ்தகம் பார்க்காமல் சொல்கிறவளுக்கு இருபது கமாண்ட் பெரிசா?

நிறையப் பேருக்கு ஒரே வேலையைச் செய்ய ஸ்கிரிப்ட் என்று ஒன்றும் காட்டினார். பேர்களை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி, ‘இதில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இதைச் செய்’ என்று நாலு வரி எழுதி வைத்தால், ஒரே என்டரில் நூறு பேருக்கும் முடிந்துவிடும். அக்கவுண்டை அழிக்கிற கமாண்டைச் சுற்றி மட்டும் என் நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டார்.

“அக்கா, அக்கவுண்டப் பூட்டி வெச்சா அப்பறம் திறந்துக்கலாம். இது அப்படி இல்ல. அழிச்சா அந்த ஆளுக்கு வந்த சேதி, குரல் எல்லாமே போயிரும். எங்கிட்ட போன் பண்ணி அழுதாலும் வராது” என்றார்.

இப்போது எங்கள் பேர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குலசாமி அண்ணன் தம்பி இரண்டு பேர். மூத்த பையனுக்கு ஒரு தலைமுறை அண்ணன் சாமி பேர் வைத்தால் அடுத்த தலைமுறைக்குத் தம்பி சாமி பேர். வீட்டுக்கு வீடு இப்படித்தான். அதனால் பேரும் ஒன்று, அப்பா பேரும் ஒன்று. பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியாராகப் பார்த்து எல்லாருக்கும் ஒரே தேதியை எழுதிவிடுவார். எங்களுக்குள் குழப்பமே வராது. பலாத்தோப்புக்காரன், மேலூட்டுக்காரன், சுனைக்காட்டான் என்று காட்டையும் ஊட்டையும், அதாவது வீட்டையும், வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு எங்கள் காடு தெரியுமா?

ஒரு வியாழக்கிழமை அடிவாரத்திலிருந்து ஒரு ஃபைல் வந்தது. கூடவே மேனேஜரின் சேதி: ‘பேர், தகப்பன் பேர், பிறந்த தேதி, ஊர் நான்கும் ஒன்றாக உள்ளவை போலி அக்கவுண்ட்கள். முதலாவதை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கும் ஸ்கிரிப்ட் இணைக்கப்பட்டுள்ளது. திங்கட்கிழமைக்குள் ஓட்டவும்.’

ஃபைலைத் திறந்து பார்த்தேன். நடுவில் இருந்தது அந்தச் சிவப்புக் கட்டத்துக் கமாண்ட். அக்கவுண்ட் நம்பரோடு பேர்கள் வரிசையாக இருந்தன. அதில் மேலூட்டு அக்கா பையன் பேர் மூன்றாவது. கீழே, இன்னொரு சாமி பேர் வரிசையில் என் மூத்த பையனும் இருந்தான்.

மேலூட்டு அக்கா யார் என்றால், புருஷனை இழந்தவர். ஒரே பையன். போர்வெல் லாரியில் வடக்கே போனவன், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு. எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் துளை போடுகிறான் என்று அவனுக்கே தெரியாது. இந்தம்மாவுக்குத் தனி அக்கவுண்ட் கிடையாது; அவன் அங்கிருந்து அனுப்புகிற குரலும், இந்தம்மா இங்கிருந்து அனுப்புகிற குரலும் அவன் அக்கவுண்டில்தான் இருக்கின்றன. புதன்கிழமை தோறும் சந்தைக்கு வரும்போது என் ஆபீஸ் படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்தி வைத்துக் கேட்பார். அவர் கையெழுத்துப் போடுவார், அதுக்குமேல் எழுத வராது. அந்த அக்கவுண்ட் போனால் அவருக்குப் பையன் போன மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டார்.

“ஏன் புள்ள, ஓட்டலன்னா என்ன பண்ணுவாங்க?”

“வேலைய விட்டுத் தூக்குவாங்க.”

“தூக்குனா மிளகு பறிக்க ஆள் கெடச்சுதுன்னு நெனச்சுக்கறேன், போ. கூலியில்லாத ஆளு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அவ்வளவுதான் பேசுவார். எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை நான் ஓட்டவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போன் அடித்தது. “ஏம்மா, ஒரு என்டர் தட்டறதுக்கு உனக்கு நல்ல நாள் பாக்கணுமா?” என்றார் மேனேஜர். “சார், இவங்க எல்லாம் வேற வேற ஆளுங்க. போலி இல்லீங்க” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் அவரே ஜீப்பில் கிளம்பி வந்துவிட்டார். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆளே வெளுத்துப்போய் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துத் தெம்பு வந்ததும் ஆரம்பித்தார்.

“இந்த சர்வருக்குப் பணம் குடுக்கறவங்க லிஸ்ட்டைப் பாத்துட்டு, ஒரே ஆளு மூணு தடவை இருக்கான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“மூணு ஆளுன்னு சொல்லுங்க சார்.”

“ஒரே பேரு, ஒரே அப்பன், ஒரே தேதியில மூணு ஆளா? கேக்கறவன் சிரிப்பான்.”

“சாமி பேரு சார் அது. எத்தனை பேருக்கு வெச்சாலும் குறையாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஒரு மாதிரியாகச் சிரித்தார். “உம் பையன் பேரும் அதுல இருக்குதாமே. இப்பத்தானே தெரியுது, எதுக்கு இவ்வளவு நியாயம் பேசறீன்னு.”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. எழுந்து போய்க் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்தேன்.

“இங்க வாங்க சார். பாத்துக்குங்க. இது எம் பையன் அக்கவுண்டு.” சிவப்புக் கட்டத்துக் கமாண்டை அடித்தேன். கடைசியில் என் பையன் நம்பர். என்டர் தட்டினேன். ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். பேர் வரிசையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் இல்லை. “எம் பையனுது போயிருச்சு. இனி எனக்குச் சொந்தம்னு இதுல யாரும் இல்ல. இப்பச் சொல்றேன், மத்த ஒருத்தர் மேலயும் கை வெக்க மாட்டேன்.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, “நீ தள்ளு, நான் பண்ணிக்கறேன். பாஸ்வேர்டைச் சொல்லு” என்றார்.

“சொல்ல மாட்டேனுங்க.”

“அது சங்கத்துப் பாஸ்வேர்டும்மா!”

“சங்கத்துதுதான். சங்கக் கூட்டத்தைப் போடுங்க. மெம்பருங்க கேட்டா அங்க வெச்சுச் சொல்றேன்.”

வேறு வழியில்லாமல் அடுத்த புதன்கிழமை கூட்டம் போட்டார்கள். சந்தை நாள், கூட்டத்துக்குக் குறைவில்லை. மேனேஜர் லிஸ்ட்டை விரித்து, எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி, அந்தச் சாமி பேரையும் அப்பா பேரையும் படித்தார். “ஏனுங்க” என்று இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் பலாத்தோப்பு, ஒருவர் சுனைக்காடு. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, “நீ உக்காருப்பா, என்னையத்தான் கூப்பிட்டாரு” என்றார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

“சரி, ரெண்டு ஆளு இருக்கீங்க. மூணாவது எங்கே?”

யாரும் எழவில்லை. அப்போது பொம்பளைகள் பக்கத்திலிருந்து மேலூட்டு அக்கா எழுந்தார். வேகமாக நடந்து முன்னால் வந்தார். தன் போனை மேனேஜருக்கு முன்னால் மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்து, “அம்மிணி, அதைச் சத்தமா போடு” என்றார்.

நான் போட்டேன். முதலில் மிஷின் இரைச்சல். அப்புறம் அவன் குரல்: “அம்மா, நாந்தான். சாப்பிட்டியா? இங்க நானூறு அடி போட்டும் ஈரமே இல்லம்மா, வெறும் புழுதி. மூக்கெல்லாம் வெள்ளையாயிருச்சு. நீ குலசாமிக்கு ஒரு தேங்கா ஒடச்சிரு. தண்ணிக்குன்னு சொல்லாத, எனக்குன்னு சொல்லி ஒட.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மேனேஜரைப் பார்த்துக் கேட்டார்: “இந்தக் கொரலு போலிங்களா, சாமி?”

மேனேஜர் குனிந்து லிஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ, “கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க” என்று குரல் கொடுத்தார்கள். அவர் நிமிர்ந்தார். பேனாவை எடுத்து, மூன்றாவது பேருக்கு எதிரே, ஆள் உண்டு என்று ஒரு டிக் போட்டார். அழிக்கிற பேச்சு அத்தோடு நின்றது.

அந்த வாரமே நான் சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், என் ஆயுசில் முதல் முறையாக. ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் அவரவர் காட்டுப் பேரைச் சேர்க்கிற மாதிரி. மூன்று தடவை தப்பு வந்தது. நாலாவது தடவை திருநீறு வைத்துக்கொண்டு என்டர் தட்டினேன். வரிசை வரிசையாகப் பலாத்தோப்பும் சுனைக்காடும் மேலூடும் திரையில் இறங்கி வந்தன. ஒருத்தர்கூட விட்டுப்போகவில்லை.

அடிவாரத்து ஆபீஸ் சும்மா இருக்கவில்லை. உத்தரவை மீறியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். சர்வர் வேலையை என்னிடமிருந்து எடுத்து அடிவாரத்துக்கு மாற்றினார்கள். நான் மறுபடி மூட்டைச் சீட்டு எழுதுகிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அதே உத்தரவு வந்தால் அதே பதில்தான்.

குறை வேறு ஒன்று. என் பையன் அப்போது நாமக்கல்லில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தான். சனிக்கிழமை போன் பண்ணினான்.

“ஏம்மா, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? அதுல அப்புச்சி பேசுனது எல்லாம் இருந்துச்சு.”

என் அப்பா. பேரனுக்கு அவர் வாராவாரம் பேசி அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. அவர் காலமானதும் அவர் அக்கவுண்டை முறைப்படி நீக்கியதும் நான்தான். அதனால் அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை. அடுத்தவர் பையன் குரலைக் காப்பாற்றப்போய் என் அப்பா குரலை என் கையாலேயே அழித்தேன். ரோஷத்தில் செய்தது. பூட்டிக் காட்டியிருந்தாலே போதும், அப்போது தோன்றவில்லை. பையன் மூன்று மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறான். இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன், இந்தத் தடவை முன்னாலேயே. “எழுதும்மா. என்னைக் கேக்காம அழிச்சேன்னும் எழுது” என்றான்.

எழுதிவிட்டேன். இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரிடமாவது சொல்லத் தோன்றினால், இருக்கிறபடியே சொல்லுங்கள். மேனேஜர் டிக் போட்டதை விட்டுவிட்டு அவரைக் கெட்டவர் ஆக்க வேண்டாம். நான் என் பையனுக்குச் செய்ததை மறைத்து என்னை நல்லவள் ஆக்கவும் வேண்டாம். நான் தப்புச் செய்தேன், ஆனாலும் அந்த ஸ்கிரிப்டை நான் ஓட்டவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.